உங்கள் குணத்துக்கு ஏற்ற ஃப்ரெஷ் ஃப்ளோரல் பர்ஃப்யூமைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பர்ஃப்யூம் வாங்கப் போகும் பெண்ணிடம் பெரும்பாலும் முதலில் நீட்டப்படுவது ‘ஃப்ரெஷ் ஃப்ளோரல்’ வகைதான். “மைல்டா இருக்கும், எல்லாருக்கும் பிடிக்கும்” என்று சொல்லியே நீட்டுவார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. இந்த வகையில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசும் வாசனை உண்டு. ஒதுங்கி நின்று கவனிக்கும் வாசனையும், வாய் ஓயாத வாசனையும் உண்டு. அத்தனையையும் ‘மென்மையான பெண்ணுக்கு’ என்று ஒரே கூடையில் போடுவது அந்த வாசனைகளைச் செய்தவர்களுக்கும் அநியாயம், பூசிக்கொள்ளும் பெண்ணுக்கும் அநியாயம்.

ஃப்ரெஷ் ஃப்ளோரல் என்பது பூ வாசனையோடு பசுமையோ, புளிப்போ, நீரின் சாயலோ, சோப்பின் சுத்தமோ சேர்ந்த கலவை. அதன் குணத்தை முடிவு செய்வதில் பூவுக்கு இருக்கும் பங்கைவிட, அதோடு சேரும் அந்தப் புத்துணர்ச்சிக்கு இருக்கும் பங்கு பெரிது. ரோஜாவைப் பச்சிலையோடு சேர்த்தால் வருபவள் ஒருத்தி, சோப்பு நுரையோடு சேர்த்தால் வருபவள் வேறொருத்தி. அதனால் ‘ரோஜாவா, மல்லிகையா?’ என்ற கேள்வியை இந்த வழிகாட்டியில் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கிறேன்.

முதல் படி: உங்கள் குணத்தை வினைச்சொல்லில் எழுதுங்கள்

‘எலிகன்ட்’, ‘கிளாஸி’, ‘ரொமான்டிக்’ போன்ற சொற்களை விளம்பரங்கள் தேய்த்துத் தேய்த்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டன. அவற்றை வைத்து எந்தப் பாட்டிலையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். தெரியாதவர்கள் நிறைந்த அறைக்குள் போனால் நீங்களே போய்ப் பேச்சைத் தொடங்குவீர்களா, ஓரமாக இடம் பார்த்து உட்கார்ந்து முதலில் கவனிப்பீர்களா? கருத்து வேறுபாடு வந்தால் நேராகச் சொல்வீர்களா, நேரம் பார்த்துச் சொல்வீர்களா? அரை மணி நேரம் உங்களோடு இருந்துவிட்டுப் போகிறவர் மனத்தில் என்ன தங்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?

மூன்றாவது கேள்விக்கான பதிலை இரண்டு மூன்று முறை திருத்தி எழுதுங்கள். அங்கேதான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்: இருக்கும் குணத்தை வாசனை எடுத்துச் சொல்ல வேண்டுமா, அல்லது இல்லாத ஒன்றைச் சேர்த்துத் தர வேண்டுமா? இரண்டும் சரியான வழிகளே. என் ரசனை இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. படபடவென்று பேசும் பெண்ணிடமிருந்து தேயிலையும் மல்லிகையும் கலந்த அமைதியான வாசனை வரும்போது அவள் பேச்சுக்கே ஒரு கனம் கூடுகிறது. அதிகம் பேசாதவள் கூர்மையான பச்சை வாசனையைப் பூசிக்கொண்டால், அவள் மௌனத்தை யாரும் கூச்சம் என்று எண்ண மாட்டார்கள்.

வாசனை இப்படிக் குணத்தைச் சொல்வது எப்படி? மூக்கிலிருந்து செல்லும் நரம்புச் செய்தி, உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புள்ள மூளைப் பகுதிகளுக்கு மிகக் குறுகிய வழியில் போய்ச் சேர்கிறது. என்ன வாசனை என்று பெயர் சொல்வதற்கு முன்பே ஒரு மனநிலை வந்துவிடுகிறது. அந்த மனநிலையின் பெரும்பகுதி பழக்கத்தால் வந்தது. வெள்ளைக் கஸ்தூரி எனப்படும் செயற்கை மஸ்க்குகள் துவைத்த பிறகும் துணியில் ஒட்டி நிற்பவை என்பதால், பல பதிற்றாண்டுகளாகச் சலவைப் பொருட்களில் சேர்க்கப்பட்டு வந்தன. அதனால்தான் அவை நம் மூக்குக்குச் ‘சுத்தம்’ என்றே படுகின்றன. ஒரு பர்ஃப்யூம் ‘நம்பகமான பெண்’ என்ற எண்ணத்தைத் தருகிறதென்றால், பல நேரம் அது துவைத்து மடித்த துணியின் நினைவுதான்.

இரண்டாம் படி: எந்தப் புத்துணர்ச்சி என்று முடிவு செய்யுங்கள்

வழிகாட்டியின் நடுநாயகமான பகுதி இதுதான். அவசரப்படாமல் படியுங்கள்.

பச்சை வாசனையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதைத்தான் மக்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். புல்லை வெட்டும்போது எழும் அந்த வாசனைக்கு ஒரு முக்கியக் காரணம் சிஸ்-3-ஹெக்ஸனால் என்ற மூலக்கூறு. இலை காயப்படும்போது வெளியேறுவது அது. பர்ஃப்யூம் கலைஞர்கள் இதோடு வயலட் இலை, கால்பனம் போன்றவற்றையும் பயன்படுத்துவார்கள். கால்பனம் என்பது பெருங்காயச் செடியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பிசின். பச்சை மிளகாயைக் கிள்ளியது போன்ற காரமான பச்சை அதில் இருக்கும். 1947-இல் ஜெர்மேன் செல்லியே உருவாக்கிய ‘வான் வெர்’ என்ற பர்ஃப்யூம் இந்தக் கால்பனத்தைத் தயக்கமில்லாமல் முன்னே நிறுத்தியது. ஆண்கள் நிறைந்திருந்த துறையில் தனக்கென ஓர் இடம் பிடித்த பெண் கலைஞர் அவர். பச்சை மலர் வாசனை தன் மனத்தில் பட்டதைச் சொல்லும் பெண்ணைக் காட்டும். முதல் ஐந்து நிமிடம் கசக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புளிப்பான புத்துணர்ச்சி எலுமிச்சை, பெர்கமாட், மாண்டரின் ஆகியவற்றிலிருந்து வருகிறது. உற்சாகமும் வேகமும் கொண்ட, உடனே சிரிக்கும் குணம் இது. 2001-இல் ஒலிவியே கிரெஸ்ப் உருவாக்கிய ‘லைட் ப்ளூ’ எலுமிச்சை, ஆப்பிள், சிடார் மரம் ஆகியவற்றைச் சேர்த்து இந்தக் குணத்தைப் பரவலாக்கியது. சிட்ரஸ் எனப்படும் இந்த எலுமிச்சை இனத்தின் மூலக்கூறுகள் இலேசானவை, சீக்கிரம் ஆவியாகிவிடும். ஆகவே சிட்ரஸுக்காக மட்டும் ஒரு பாட்டிலை வாங்கினால், அந்த மகிழ்ச்சி பதினைந்து இருபது நிமிடத்தில் கரைந்துவிடும். அதற்குப் பின்னால் என்ன பூ, என்ன மரம் நிற்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

நீரின் வாசனை என்று ஒன்று இயற்கையில் எடுக்கக் கிடைப்பதில்லை. 1966-இல் ஃபைஸர் நிறுவனத்தின் ஆய்வில் கிடைத்த கலோன் என்ற மூலக்கூறு கடற்காற்றையும் முலாம்பழத்தையும் ஒரே நேரத்தில் நினைவூட்டியது. 1990-களில் அதுவே ஒரு காலகட்டத்தின் அடையாளமானது. 1992-இல் ஜாக் கவாலியே செய்த ‘லோ டிஸ்ஸே’ தாமரையையும் ஃப்ரீசியாவையும் நீரோடு சேர்த்துக் காட்டியது. நீர் மலர் வாசனை அமைதியை மட்டுமல்லாமல் ஓர் இடைவெளியையும் உணர்த்தும். ‘என்னோடு பேசலாம், ஆனால் என் எல்லைக்குள் வர நேரமாகும்’ என்று சொல்லும் பெண்ணுக்கு இது மிகப் பொருத்தம். எல்லாரையும் அணைத்துக்கொள்ளும் இயல்புள்ளவர் பூசினால் கொஞ்சம் ஒட்டாமல் நிற்கும்.

சோப்பு போன்ற சுத்த வாசனைக்கு இரண்டு வழிகள். பழைய வழி ஆல்டிஹைடுகள் என்ற வாசனை வேதிப்பொருட்கள்: 1921-இல் எர்னஸ்ட் போ ‘ஷனெல் நம்பர் 5’-இல் தாராளமாகச் சேர்த்தவை. இஸ்திரி போட்ட வெள்ளைத் துணியின் விறைப்பு அவற்றில் இருக்கும். ஒழுங்கு, தன்மானம், கொஞ்சம் கண்டிப்பு என்று மனம் படிக்கும். புதிய வழி மேலே சொன்ன வெள்ளைக் கஸ்தூரி. அது மிருதுவானது, அருகில் வந்தால்தான் தெரியும். அக்கறையும் பொறுமையும் உள்ளவர் என்ற எண்ணத்தைத் தரும்.

தேயிலை வாசனை எனக்கு மிகவும் பிடித்தது. 1992-இல் ஜான் க்ளோத் எலேனா ‘பல்கரி’ நிறுவனத்துக்காகச் செய்த பச்சைத் தேயிலை வாசனை இந்தப் பாதையைத் திறந்தது. மெல்லிய கசப்பும் வறட்சியும் உள்ள இந்தப் புத்துணர்ச்சி, படிக்கிற, யோசிக்கிற, சொல்லை அளந்து பேசுகிற பெண்ணைக் காட்டுகிறது.

பேரிக்காய், ஆப்பிள், லிச்சி போன்ற பழங்களோடு வரும் ஃப்ரெஷ் ஃப்ளோரல் கலகலப்பானது, நட்பானது, இளமையானது. 2007-இல் வந்த ‘டெய்ஸி’ இதற்கு நல்ல உதாரணம். இந்த வகையில் இனிப்பு மிஞ்சினால் புத்துணர்ச்சி போய்விடும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

மூன்றாம் படி: இப்போது பூவைத் தேர்ந்தெடுங்கள்

மல்லிகையில் இரண்டு இனங்கள் பர்ஃப்யூம் உலகில் முக்கியம். ‘கிராண்டிஃப்ளோரம்’ என்பது ஜாதிமல்லி. கனிந்த பழம் போன்ற செறிவு அதில் உண்டு. ‘சம்பாக்’ என்பது நம் குண்டுமல்லி இனம். அதில் பச்சையும் தேயிலைச் சாயலும் அதிகம், அதனால் ஃப்ரெஷ் ஃப்ளோரலுக்கு இயல்பாகவே பொருந்தும். மல்லிகைக்கு உயிரும் ஆபத்தும் தருவது இன்டோல் என்ற மூலக்கூறு. துளி இருந்தால் பூ மலர்கிறது, கூடினால் அந்துருண்டையும் விலங்கு வாடையும் எட்டிப் பார்க்கும். மல்லிகையின் காற்றோட்டமான பக்கத்தை மட்டும் தருவது ஹெடியோன் என்ற செயற்கை மூலக்கூறு. 1966-இல் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா ‘ஓ சொவாஜ்’ என்ற ஆண்களுக்கான வாசனையில் அதைச் சேர்த்த பிறகு, பூ வாசனைகள் ஊடுருவிப் பார்க்கக்கூடிய தெளிவைப் பெற்றன. இன்று நீங்கள் முகரும் ஃப்ரெஷ் ஃப்ளோரல்களில் பெரும்பாலானவற்றில் அது இருக்கும். இன்டோல் குறைத்த மல்லிகை திறந்த மனதுள்ள பெண்ணைக் காட்டும். இன்டோல் தெரியும் மல்லிகை தன் உடலை, தன் இருப்பை உறுதியாக உணர்ந்தவளைக் காட்டும்.

ரோஜா பழைய பாணி என்று ஒதுக்குகிறவர்கள் ஃப்ரெஷ் ரோஜாவை முகர்ந்திருக்க மாட்டார்கள். ரோஸ் ஆக்ஸைடு என்ற மூலக்கூறு ரோஜாவிலும் இருக்கிறது, லிச்சிப் பழத்திலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்தால் வெட்டும் ஒட்டும் தெரியாமல் கலக்கின்றன. அதில் ஓர் உலோகக் குளிர்ச்சி உண்டு. அந்தக் குளிர்ச்சி முன்னே வரும் ரோஜா, முடிவெடுக்கத் தயங்காத பெண்ணின் வாசனை.

அடுத்து ‘ஊமைப் பூக்கள்’. லில்லி ஆஃப் த வேலி (மணி வடிவச் சிறு வெள்ளைப் பூ), பியோனி (இதழ் அடர்ந்த பெரிய பூ) போன்றவற்றிலிருந்து பயன்படும் அளவுக்கு எண்ணெயோ சாறோ எடுக்க முடியாது. அவற்றின் பெயரைப் பாட்டிலில் பார்த்தால், அது ஒரு கலைஞர் தன் மூக்கை வைத்துக் கட்டியெழுப்பிய பூ என்று புரிந்துகொள்ளுங்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. என் பார்வையில் இந்தத் துறையின் மிக உயர்ந்த திறமை அதுதான். ருட்னிட்ஸ்கா தன் தோட்டத்தில் லில்லி ஆஃப் த வேலியை வளர்த்து, முகர்ந்து முகர்ந்து 1956-இல் ‘டியோரிஸ்ஸிமோ’வை உருவாக்கினார். அந்தப் பூவின் வாசனை நாணமுள்ளது போல் தொடங்கினாலும், அருகில் போகப் போக அதன் கூர்மை தெரியும். பியோனி அதைவிட எளிமையானது: மலர்ச்சியும் இலேசான புளிப்பும் சேர்ந்த, எல்லாரோடும் ஒத்துப்போகும் இயல்பு.

சம்பங்கி இந்த வகையில் அபூர்வமாகவே வரும், அதன் வெண்ணெய் போன்ற கனம் புத்துணர்ச்சியை அழுத்திவிடும் என்பதால். 2017-இல் அல்பெர்தோ மொரியாஸ் ‘குச்சி ப்ளூம்’ வாசனையில் சம்பங்கி, மல்லிகையோடு ரங்கூன் மல்லியையும் சேர்த்து அதை மலர்த்தோட்டமாக விரித்திருக்கிறார். ஆனால் அதை ஃப்ரெஷ் என்று சொல்வதைவிட முழுமலர் என்றே சொல்வேன்.

நான்காம் படி: குறிப்புப் பட்டியலை அளவோடு நம்புங்கள்

பெட்டியிலும் இணையத்திலும் ‘டாப் நோட், ஹார்ட் நோட், பேஸ் நோட்’ என்று, முதலில், நடுவில், கடைசியில் தெரியும் வாசனைகளைப் போடுவார்கள். அது ஒரு விவரிப்பு, கலவையின் சூத்திரம் கிடையாது. ‘பனித்துளி படிந்த ரோஜா’ என்றால் அதில் பனித்துளி இல்லை. பட்டியலிலிருந்து இரண்டு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் இரண்டாம் படியில் தேர்ந்த புத்துணர்ச்சி அதில் இருக்கிறதா? கடைசி வரிசையில் வனிலா, கேரமல், பிரலின் போன்ற இனிப்புகள் இருக்கின்றனவா? இருந்தால் மதியத்துக்குள் அது வேறு பெண்ணின் வாசனையாகிவிடும்.

ஐந்தாம் படி: முகர்ந்து பாருங்கள், நேரம் கொடுங்கள்

ஒரே நாளில் மூன்று அல்லது நான்கு வாசனைகளுக்கு மேல் வேண்டாம். முதலில் காகிதப் பட்டையில் அடித்து, ஆல்கஹால் போக அரை நிமிடம் விட்டு முகருங்கள். பட்டையில் பெயரை எழுதி வையுங்கள். பிடித்த இரண்டை மட்டும் தோலுக்குக் கொண்டுபோங்கள், மணிக்கட்டுக்கு ஒன்றாக. தேய்க்காதீர்கள். தேய்த்தால் சூட்டில் மேலே நிற்கும் இலேசான வாசனைகள் அவசரமாகப் பறந்துவிடும், நீங்கள் எடை போட வேண்டியவற்றில் அவையும் உண்டு.

இடையில் காபிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்பார்கள். காபியும் ஒரு வலுவான வாசனைதான், மூக்குக்கு அதுவும் வேலை. எதுவும் பூசாத உங்கள் முழங்கை மடிப்பையோ துணியையோ முகருங்கள், அல்லது வெளியே போய்க் காற்று வாங்குங்கள்.

பத்தாவது நிமிடம், ஒரு மணி நேரம், நான்கு மணி நேரம் என மூன்று முறை முகர்ந்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வினைச்சொல்லை எழுதுங்கள்: சிரிக்கிறது, விலகுகிறது, அதட்டுகிறது, அணைக்கிறது. அதற்கு முன் பணம் கொடுக்காதீர்கள். முதல் படியில் எழுதிய தாளோடு இந்த மூன்று சொற்களையும் வைத்துப் பாருங்கள். மூன்றில் கடைசிச் சொல்லுக்கே அதிக மதிப்பு கொடுங்கள், ஏனென்றால் நாளின் பெரும்பகுதி நீங்கள் அதோடுதான் இருக்கப் போகிறீர்கள்.

ஆறாம் படி: அடித்தளத்தைச் சோதியுங்கள்

பூ போன பிறகு என்ன மிஞ்சுகிறது? ஃப்ரெஷ் ஃப்ளோரல்களில் பெரும்பாலும் கஸ்தூரியோ, சிடார் போன்ற மரமோ, ஆம்பர் எனப்படும் இலேசான கதகதப்பான பிசின் வாசனையோ இருக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. சில வகைக் கஸ்தூரிகளின் மூலக்கூறுகள் பெரியவை, அவற்றை முகரவே முடியாதவர்கள் நம்மிடையே உண்டு. வயலட் வாசனை தரும் பீட்டா அயோனோனையும் மரபணு வேறுபாட்டால் ஒவ்வொருவரும் வேறுவேறாக உணர்கிறார்கள். ‘இரண்டு மணி நேரத்தில் போய்விட்டது’ என்று நீங்கள் நினைக்கும் வாசனை பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகவே தெரியலாம். பழகிய வாசனையை மூக்கு தானாகவே கவனிப்பதை விட்டுவிடும் என்பதும் உண்மை. அதனால் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கேளுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள். “இந்த வாசனை வர்ற பொண்ணு எப்படிப்பட்டவளா இருப்பா?” என்று கேளுங்கள். அந்தப் பதில் உங்கள் தாளோடு பொருந்தினால் தேடல் முடிந்தது.

ஏழாம் படி: செறிவும் அளவும்

பாட்டிலில் எழுதியிருக்கும் பெயர் செறிவைச் சொல்லும்: வாசனைப் பொருளின் அளவு ஓ டி கொலோனில் பொதுவாக 2 முதல் 5 சதவீதம், ஓ டி டாய்லெட்டில் 5 முதல் 15, ஓ டி பர்ஃப்யூமில் 15 முதல் 20, பர்ஃப்யூம் அல்லது எக்ஸ்ட்ரேயில் 20-க்கு மேல். இவை வழக்கத்தில் உள்ள எல்லைகள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஃப்ரெஷ் ஃப்ளோரலில் அதிகச் செறிவு எப்போதும் மேலானது என்று எண்ண வேண்டாம். ஒரே பெயரில் வரும் ஓ டி டாய்லெட்டும் ஓ டி பர்ஃப்யூமும் பல நேரம் வேறு கலவைகள். டாய்லெட்டில் சிட்ரஸும் பச்சையும் தெளிவாகக் கேட்கும். ஓ டி பர்ஃப்யூமில் பூவும் மரமும் முன்னே வந்துவிடும். துறுதுறுப்பான குணம் வேண்டுமென்றால் டாய்லெட்டை எடுத்து, நடுவில் ஒருமுறை மறுபடி பூசிக்கொள்வதே நல்லது.

இரண்டு அல்லது மூன்று ஸ்ப்ரே போதும். கழுத்தின் பின்புறம், முழங்கை மடிப்பு நல்ல இடங்கள். வறண்ட தோலில் வாசனை சீக்கிரம் போகும் என்பதால், மணமில்லாத மாய்ச்சரைஸர் தடவிவிட்டுப் பூசுங்கள். துணியில் இன்னும் நீண்ட நேரம் நிற்கும். ஆனால் வெளிர் நிறத் துணியிலும் பட்டிலும் கறை விழக்கூடும், உள்மடிப்பில் அடித்துச் சோதித்துவிடுங்கள். ஃப்ரெஷ் ஃப்ளோரல் கையெட்டும் தூரத்துக்குள் கேட்க வேண்டிய வாசனை. அறை முழுக்க நிறைந்தால் அதன் பண்பே கெட்டுவிடும்.

எட்டாம் படி: சருமமும் பாதுகாப்பும்

லினலூல், லிமோனீன், சிட்ரால், ஜெரானியால் என்ற பெயர்களைப் பெட்டியின் பின்புறம் பார்ப்பீர்கள். பூவிலும் பழத்தோலிலும் இயற்கையாகவே இருப்பவை, சிலருக்கு ஒவ்வாமை தருபவை. ஐரோப்பிய ஒன்றியம் இப்படிப் பெயர் சொல்ல வேண்டியவற்றின் பட்டியலை 2023-இல் 80-க்கும் மேலாக விரிவாக்கியது. உங்களுக்கு ஒவ்வாமை வந்த அனுபவம் உண்டென்றால், முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி இரண்டு நாள் பாருங்கள். சுத்திகரிக்கப்படாத பெர்கமாட் எண்ணெயில் இருக்கும் பெர்காப்டென் என்ற பொருள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும். இன்றைய பர்ஃப்யூம்கள் பெரும்பாலும் அதை நீக்கிய எண்ணெயையே சேர்க்கின்றன. வீட்டிலேயே எண்ணெய்களைக் கலந்து பூசுபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

பாட்டிலை வெளிச்சமும் சூடும் படாத அலமாரியில் வையுங்கள், குளியலறையில் வேண்டாம். சிட்ரஸும் பச்சையும்தான் முதலில் கெடும் என்பதால், ஃப்ரெஷ் ஃப்ளோரலுக்குச் சின்ன பாட்டிலே போதும்.

சில ஆண்டுகள் கழித்து அதே பெயரில் வாங்கியது முன்போல் இல்லை என்று தோன்றினால், அது உங்கள் மூக்கின் குறையாக இருக்க வேண்டியதில்லை. விதிகள் மாறும்போது கலவைகளும் மாறுகின்றன. லில்லி ஆஃப் த வேலி வாசனைக்குப் பெரிதும் பயன்பட்ட லிலியால் என்ற செயற்கை மூலக்கூறை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டது. அதை நம்பியிருந்த பல வாசனைகள் மறுபடி எழுதப்பட்டன. அப்படி ஒரு மாற்றத்தைச் சந்தித்தால், பழைய பெயருக்காக வாங்காமல் ஐந்தாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.